மழை கொட்டியும் குழாய் ஏன் காய்ந்து கிடக்கிறது?

மலேசியாவில், தெற்குக் கெடாவில் பீடோங், புக்கிட் செலம்பாவ், கோல கெட்டில் என்று எந்தத் தோட்டத்துப் பட்டணத்தை எடுத்துக்கொண்டாலும், காய்ந்த காலம் முடிகிற நாள் ஒரே மாதிரிதான் வருகிறது. பிற்பகல் மூன்று மணிவாக்கில் ஜெராய் மலைப்பக்கம் கறுக்கும். காற்று திடீரென்று குளிரும். தகரக் கூரையில் எண்ணிவிடக்கூடிய அளவுக்குச் சில சொட்டுகள், அப்புறம் எண்ண முடியாத இரைச்சல். வீட்டுக்கு வீடு வாளி, டிரம், பெரிய சட்டி எல்லாம் தாழ்வாரத்துக்கு வந்துவிடும். இரண்டு மாதமாகக் காய்ந்து கிடந்த ஊரில் அந்த ஒரு மணி நேரம் பெரிய நிம்மதி.

மறுநாள் காலையில் குழாயைத் திறந்தால் வெறும் காற்று வருகிறது. தண்ணீர் லோரி எப்போதும்போல் தாமான் (குடியிருப்புப் பகுதி) முனையில் நிற்கிறது. பங்கீட்டு அட்டவணை அப்படியே இருக்கிறது. "இவ்வளவு மழை பெய்ததே, அதெல்லாம் எங்கே போனது?" என்று மக்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அடியிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

வறட்சி ஒன்றல்ல, மூன்று

நாம் எல்லாவற்றையும் 'வறட்சி' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். துறை சார்ந்தவர்கள் அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

1. வானிலை வறட்சி. வழக்கமாகப் பெய்ய வேண்டிய மழை நீண்ட நாள் பெய்யாமல் இருப்பது. இது வானத்தின் கணக்கு.

2. வேளாண் வறட்சி. வேர் இருக்கும் ஆழத்தில் ஈரம் தீர்ந்து, பயிர் வாடுவது. இது மண்ணின் கணக்கு.

3. நீரியல் வறட்சி. ஆறு, அணை, நிலத்தடி நீர் ஆகியவற்றின் மட்டம் இறங்கிவிடுவது. குழாயில் தண்ணீர் வருவதும் வராததும் இதைப் பொறுத்தது.

மூன்றும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. மழை நின்ற சில வாரங்களில் மண் காய்கிறது, அதற்கும் பல வாரங்கள் கழித்துத்தான் ஆறும் அணையும் இறங்குகின்றன. முடிவதும் அதே வரிசையில்தான். ஒரு நல்ல மழை முதலாவதை அன்றைக்கே முறித்துவிடும். இரண்டாவது முடியப் பல மழை வேண்டும். மூன்றாவது முடிய, சரியான இடத்தில் பல வாரம் பெய்ய வேண்டும். மக்கள் கொண்டாடுவது முதல் வறட்சியின் முடிவை, காத்திருப்பதோ மூன்றாவதன் முடிவுக்கு. குழப்பம் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

கெடா ஏன் ஆண்டுத் தொடக்கத்தில் காய்கிறது?

நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் அது அடைமழையாகக் கொட்டுகிறது. தீபகற்பத்தின் முதுகெலும்பு போன்ற தித்திவங்சா மலைத்தொடரை ஏறிக் கடக்கும்போது மிச்ச ஈரத்தையும் பெரும்பாலும் இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் வந்து சேரும்போது அது காய்ந்த காற்று. கிழக்குக் கரையில் வெள்ள நிவாரண மையங்கள் திறக்கப்படும் பருவத்தை ஒட்டியே பெர்லிஸிலும் கெடாவிலும் புல் காயத் தொடங்குவது இதனால்தான். ஜனவரி முதல் மார்ச் வரை நமக்கு ஆண்டுதோறும் வரும் காய்ந்த காலம் அது.

எல் நினோ ஆண்டுகளில் இந்தக் காய்ச்சல் (வறட்சி) கடுமையாகிறது. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப்பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும்போது, மழை மேகம் திரளும் இடம் நம்மைவிட்டுக் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. 1997-98, 2015-16, 2023-24 ஆகியவை அப்படிப்பட்ட ஆண்டுகள். மலேசியாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பம், பெர்லிஸின் சுப்பிங்கில் 40.1 டிகிரி. அது 1998 ஏப்ரல் 9-இல் பதிவானது.

மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் பருவக்காற்று மாறுகிறது. காற்று தளர்ந்துவிடும். காலை வெயிலில் நிலம் சூடேறி, மலாக்கா நீரிணையிலிருந்து வரும் கடற்காற்றின் ஈரம் அதோடு சேர்ந்து மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரள்கிறது. இதன் பெயர் வெப்பச்சலன மழை. பெய்தால் பலமாகப் பெய்யும், ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஒரு மேகத்தின் அகலமே சில கிலோமீட்டர்தான். அதனால் பீடோங்கில் சாக்கடை நிரம்பி வழியும்போது, பக்கத்துச் சுங்கை லாலாங்கில் துணி காய்ந்துகொண்டிருக்கும். "எங்க பக்கம் ஒரு தூறல்கூட இல்லை" என்று உறவினர் போனில் சொன்னால் அது பொய்யல்ல.

30 மில்லிமீட்டர் மழை என்ன ஆகிறது?

மழையை மில்லிமீட்டரில் அளப்பது ஏன் என்று பலர் யோசித்திருப்பீர்கள். விழுந்த நீர் ஓடாமல், ஊறாமல், ஆவியாகாமல் அப்படியே தரையில் நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அதுதான் மழையளவு. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை என்றால் சரியாக 1 லிட்டர். ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர்.

தோட்டங்களில் இது பழைய வழக்கம். ஆபீஸுக்கு முன்னால், மரநிழல் படாத இடத்தில் மழைமானி ஒன்று இருக்கும். காலையில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) போய்க் குடுவையில் சேர்ந்த நீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். அந்தக் காலத்தில் அங்குலத்தில் எழுதினார்கள். இன்றைக்கு மரம் சீவிப் பால் எடுக்கலாமா, உரம் போடலாமா என்பதையெல்லாம் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். நம் முன்னோர் 'ஒரு உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று சொன்னதும் அளவுதான். ஆனால் அவர்கள் வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்று அளக்கவில்லை, மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் ஈரம் இறங்கியது என்று அளந்தார்கள். வறட்சி முடிந்ததா என்று அறிய அந்தக் கணக்குதான் பொருத்தம்.

சரி, பிற்பகலில் 30 மி.மீ. கொட்டியது என்று வைத்துக்கொள்வோம். நல்ல மழைதான். அது எப்படிப் பங்காகிறது என்று தோராயமாகப் பார்க்கலாம்.

1. இலையில் தங்குவது. செம்பனை மட்டையும் பால்மரத்து (ரப்பர் மரத்து) இலையும் முதலில் நனைய வேண்டும். அங்கே தங்கும் சில மி.மீ. தரையைத் தொடாமலே ஆவியாகிப் போகிறது.

2. மேலோடு ஓடுவது. வெயிலில் இறுகிய களிமண்ணும் செம்மண்ணும் முதல் மழையை எளிதில் உள்ளே விடாது. அரிசி மாவில் முதல் சொட்டுத் தண்ணீர் ஊறாமல் உருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே மாதிரி. பலமாகப் பெய்யும் மழையில் ஒரு பங்கு நேரே வாய்க்காலுக்கு ஓடிவிடும். தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் உள்ள தாமானில் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது.

3. மண்ணில் ஊறுவது. மிச்சம் ஒரு 20 மி.மீ. என்று வைப்போம்.

இனி மண்ணின் கடனைப் பாருங்கள். நம் வெயிலில் நிலமும் மரமும் சேர்ந்து நாளொன்றுக்கு 4 மி.மீ. அளவுக்கு நீரை ஆவியாக்கும். மழையில்லாத 30 நாளுக்கு அது 120 மி.மீ. மண் காயக்காய மரம் உறிஞ்சுவது குறையும் என்பதால், கடன் 100 மி.மீ. என்றே வைத்துக்கொள்ளலாம். 100 மி.மீ. கடனில் 20 மி.மீ. அடைந்திருக்கிறது. அடுத்த ஐந்து நாள் மழை இல்லையென்றால் அந்த 20-உம் போய்விடும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மழை நின்ற மறுநாள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி ஆழம் வெட்டுங்கள். மேலே நான்கு விரல்கடை கறுப்பாக, கையில் ஒட்டும் மண். அதற்குக் கீழே கத்தியால் கோடு போட்டதுபோல் நிறம் மாறி, வெளிறிய, கட்டிகட்டியாக உதிரும் மண். மேல் ஈரமும் அடி ஈரமும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வரை அந்தக் கோடு இருக்கும். மண் தன் வயிறு நிரம்பும் வரை கீழே ஒரு சொட்டும் விடாது. நிரம்பிய பிறகுதான் மிச்சம் கசிந்து ஊற்றுக்கும் ஓடைக்கும் போகிறது. மழையில்லாத நாளிலும் ஆறு ஓடுவது அந்தக் கசிவால்தான். ஆகவே முதல் மழை, இரண்டாம் மழை, சில வேளை மூன்றாம் மழைகூட ஆற்றில் நிலையான மாற்றம் எதையும் காட்டாது. ஒரு ராத்திரி கலங்கலாகப் பொங்கி, மறுநாள் மாலைக்குள் பழைய மட்டத்துக்கே இறங்கிவிடும்.

எவ்வளவு பெய்தது என்பதைவிட எங்கே பெய்தது என்பது பெரிது

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். நம் ஊரில் கொட்டும் மழைக்கும் நம் குழாயில் வரும் தண்ணீருக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை.

ஓர் ஆற்றுக்கோ அணைக்கோ நீர் வடிந்து சேரும் நிலப்பரப்பை நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். பீடோங் வட்டாரத்தில் விழும் மழை மெர்போக் ஆற்றுக்கு வடிந்து, சதுப்புக்காடுகளைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. ஆனால் பீடோங் இருக்கும் கோல மூடா மாவட்டத்தின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் மூடா ஆற்றை நம்பியவை. அந்த ஆறு தாய்லாந்து எல்லையை ஒட்டிய உலு மூடா காட்டில் பிறந்து, சீக் வழியாக இறங்கி, மேற்கே திரும்பிக் கடலைச் சேர்கிறது. பினாங்கு மாநிலமும் தன் தண்ணீரில் பெரும்பங்கை இதே ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்துதான் எடுக்கிறது. ஆக, பீடோங்கில் ஒரு வாரம் கொட்டினாலும் சீக்கில் பெய்யாவிட்டால் குழாய்க்குப் பயனில்லை. சீக்கிலும் பாலிங்கிலும் பெய்தால், நம் ஊரில் வெயில் அடித்தாலும் நல்ல செய்தி.

ஜெராய் மலை ஓடைகளிலிருந்து நீர் எடுக்கும் சிறிய நிலையங்களும் உண்டு. மலையில் பெய்தால் அவற்றுக்குச் சீக்கிரமே நீர் வந்துவிடும். ஒரே வட்டாரத்தில் ஒரு கம்பத்துக்கு (கிராமத்துக்கு)த் தண்ணீர் திரும்பி, பக்கத்துத் தாமானுக்குத் திரும்பாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆளைப் பார்த்துத் தண்ணீர் விடுகிறார்கள் என்று சந்தேகப்படுவதற்கு முன்னால் இதை நினைவில் வைப்பது நல்லது.

அணைகளைப் பொறுத்தவரை கெடாவில் ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. மூடா அணையின் நீர்ப்பிடிப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர், ஆனால் அணை சிறியது. பெடு அணையின் நீர்ப்பிடிப்பு அதில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை, ஆனால் கொள்ளளவு 100 கோடி கன மீட்டருக்கு மேல். அதனால் 1960-களின் பிற்பகுதியில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் கட்டப்பட்டபோது, மலையைக் குடைந்து 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் வெட்டி இரண்டையும் இணைத்தார்கள். ஒன்று மழையைப் பிடித்துக் கொடுக்கிறது, மற்றது சேமித்து வைக்கிறது. பெய்யும் இடமும் தேக்கும் இடமும் வேறுவேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆனால் அந்த நீர் முதன்மையாக வடக்கே, ஏறத்தாழ 1 லட்சம் ஹெக்டேர் நெல்வயலுக்குப் போகிறது.

நம் பக்கத்துக்கு முக்கியமானது சீக் மாவட்டத்திலுள்ள பெரிஸ் அணை. 2004-இல் கட்டி முடிக்கப்பட்டது. இதிலிருந்து குழாய் போட்டு நேரே நம் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவதில்லை. ஆறு இறங்கும்போது அணையிலிருந்து ஆற்றில் நீர் திறந்துவிடுவார்கள். அது பல கிலோமீட்டர் ஓடிவந்து கீழேயுள்ள நிலையங்களுக்குக் கிடைக்கும். காய்ந்த காலத்தில் நாம் குடித்தது பெரும்பாலும் இந்தச் சேமிப்பைத்தான். மழை வந்ததும் அணையை நிர்வகிப்பவர்கள் முதலில் செய்ய விரும்புவது, திறப்பைக் குறைத்துச் செலவழிந்த சேமிப்பைத் திரும்பப் பிடிப்பது. அடுத்த மழை எப்போது என்று யாருக்கும் தெரியாத நிலையில் அதுதான் பொறுப்பான முடிவு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அலட்சியமாகத் தெரிகிறது.

அணையின் மட்டம் பற்றிய செய்தியையும் கவனமாகப் படிக்க வேண்டும். அணை என்பது வாணலி மாதிரி, மேலே அகலம், அடியில் குறுகல். மேலே ஒரு மீட்டரில் இருக்கும் நீரில் ஒரு பகுதிதான் அடியில் ஒரு மீட்டரில் இருக்கும். 'மட்டம் ஒரு மீட்டர் ஏறியது' என்ற செய்தி, அணை அடியில் கிடக்கும்போது பெரிய விஷயமே அல்ல.

உலு மூடா காட்டைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது. ஏறத்தாழ 1,60,000 ஹெக்டேர் காடு. அந்தக் காட்டு மண் முன்பு சொன்ன அதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. கொட்டுகிற மழையை வாங்கி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்குக் கொடுக்கிறது. அங்கே மரம் வெட்டினால் அதே மழை ஒரே நாளில் சேறாக ஓடிவிடும், அடுத்த காய்ந்த காலத்தில் ஆற்றில் கொடுக்க ஒன்றும் இருக்காது. பீடோங்கில் டிரம்மைத் தூக்கிக்கொண்டு லோரிக்குப் பின்னால் நிற்பவருக்கும் சீக் காட்டில் சாயும் மரத்துக்கும் உள்ள உறவு இது.

மேகத்தில் உப்பு தூவினால் போதாதா?

ஒவ்வொரு வறட்சியிலும் இந்தக் கேள்வி வரும். விமானப்படையின் ஹெர்குலிஸ் போன்ற விமானத்திலிருந்து உப்புக் கரைசலை மேகத்துக்குள் தூவுகிறார்கள். உப்புத் துகள் ஈரத்தை இழுத்து, சிறு துளிகளைக் கனமாக்கி, மழையாக விழச் செய்கிறது. ஆனால் இருக்கிற மேகத்தைத்தான் பெய்ய வைக்க முடியும், இல்லாத மேகத்தை உண்டாக்க முடியாது. கடும் காய்ச்சல் காலத்தில் தகுந்த மேகமே இருப்பதில்லை. அதனால்தான் பருவம் மாறத் தொடங்கும் வாரங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

பால்மரமும் செம்பனையும் மழையை எப்படி எடுத்துக்கொள்கின்றன?

பால்மரம் காய்ந்த காலத்தில் இலையை முழுதும் உதிர்த்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் தோட்டத்துக்குள் நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும், தலைக்கு மேல் நிழலே இருக்காது. ரப்பர் பாலில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் தண்ணீர். பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் நீரழுத்தம் இருந்தால்தான் சீவியதும் பால் ஓடும். விடியுமுன் மரம் சீவுவதும் இதற்காகத்தான், வெயில் ஏறுமுன் அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும். காய்ச்சலில் அழுத்தம் விழுந்துவிடுகிறது, மங்கின் (பால் பிடிக்கும் கிண்ணத்தின்) அடி மறைகிற அளவுக்குத்தான் பால் சேர்கிறது.

மழை வந்ததும் எல்லாம் சரியாகிவிடுமா? உடனே ஆகாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் பரவி வழியும். மங்கில் மழைநீர் நிரம்பிப் பால் வீணாகும். அன்றைக்கு வேலை இல்லை, வேலை இல்லையென்றால் வருமானமும் குறைகிறது. இளந்தளிர் விடும் நேரத்தில் ஈரம் தொடர்ந்தால் பூஞ்சை நோய் வந்து புது இலையும் கொட்டிவிடும். சீவுகிறவர் விரும்புவது பிற்பகலில் பெய்து, விடியற்காலையில் பட்டை காய்ந்திருக்கும் மழையை. பருவமாற்றக் காலத்து மழை பெரும்பாலும் அப்படித்தான் பெய்கிறது.

செம்பனையின் கதை வேறு. அதற்கு ஆண்டுக்கு 2,000 மி.மீ. அளவில் மழை வேண்டும், அதுவும் மாதந்தோறும் பரவலாக. வறட்சியில் நடுக்குருத்துகள் விரியாமல் ஈட்டி மாதிரி மூன்று நான்கு சேர்ந்து நிற்கும். மழை விழுந்த சில வாரத்தில் அவை ஒன்றாக விரிவதைப் பார்ப்பது ஆறுதலாக இருக்கும். ஆனால் குலை விளைச்சலில் விழுந்த அடி அதற்குள் மரத்தின் உள்ளே பதிவாகிவிட்டது. ஒரு குலை பழுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பூ ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது. தண்ணீர்ப் பஞ்சத்தில் மரம் ஆண்பூவையே அதிகம் விடும், ஆண்பூ குலையாகாது. ஏற்கெனவே உருவான பெண்பூக்களும் வெளியே வருமுன் கருகிப்போவதுண்டு. அதனால் வறட்சியின் பாதிப்பு ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுவரை பின்தங்கித் தெரியும்.

2015-இல் மலேசியாவின் கச்சாச் செம்பனை எண்ணெய் உற்பத்தி 2 கோடி டன்னை ஒட்டி இருந்தது. 2016-இல் 1 கோடியே 73 லட்சம் டன்னாக விழுந்தது. எல் நினோ காய்ச்சல் அதற்குப் பெரிய காரணம். மழை வந்து, ஊர் பச்சையாகி, எல்லாரும் வறட்சியை மறந்த பிறகு குலை வெட்டுகிறவரின் சம்பளச் சீட்டில் அது வந்து நிற்கிறது. குலைக் கணக்கில் கூலி வாங்கும் ஒருவருக்கு வறட்சி எப்போது முடிந்தது என்று கேட்டால், வானிலைக்காரர் சொல்லும் தேதியை அவர் சொல்ல மாட்டார்.

மழைக்குப் பின் குழாய் இன்னும் மோசமாவது ஏன்?

சில நாள் அதுவும் நடக்கிறது. மழைக்கு முன்னால் கொஞ்சமாவது வந்துகொண்டிருந்த தண்ணீர், மழைக்குப் பின் அடியோடு நின்றுபோகிறது. காரணங்கள்:

1. கலங்கல். முதல் மழை இரண்டு மாதத்துச் சருகு, சாம்பல், உரம், சாக்கடை எல்லாவற்றையும் ஆற்றுக்குக் கழுவி இறக்குகிறது. நீர் குறைவாக ஓடும் ஆற்றில் அந்த அழுக்கு அடர்த்தியாக இருக்கும். கலங்கலும் அம்மோனியாவும் அளவு மீறினால் சுத்திகரிப்பு நிலையம் நீர் எடுப்பதை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தாமல் அனுப்பினால்தான் தவறு.

2. வெறும் குழாய். பங்கீட்டின்போது குழாய்களில் காற்று புகுந்துவிடும். மீண்டும் நீர் விடும்போது முதலில் காற்று வெளியேற வேண்டும், குழாய்ச் சுவரில் படிந்த துரு கிளம்பும், தண்ணீர் பழுப்பாக வரும். மேட்டிலும் குழாய்க் கடைசியிலும் உள்ள வீடுகளுக்குக் கடைசியாகத்தான் அழுத்தம் வந்து சேரும். தோட்டத்தை ஒட்டிக் கட்டிய தாமான்கள் பலவும் அந்தக் கடைசியில்தான் இருக்கின்றன.

3. கசிவு. சுத்திகரித்து அனுப்பும் நீரில் வீட்டு மீட்டருக்கு வராமலே போவதை 'கணக்கில் வராத நீர்' என்கிறார்கள். நாடு முழுவதும் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். கெடாவில் ஏறத்தாழ பாதி. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய்களில் அழுத்தம் கூடினால் புது வெடிப்பும் வரும்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் இரண்டும் இயற்கையும் இயற்பியலும். மூன்றாவது மனிதர் கையில் இருப்பது. மக்கள் கூரையில் விழும் சொட்டைக்கூட வாளியில் பிடிக்கிறார்கள், சுத்திகரித்த நீரில் பாதி மண்ணுக்குள் போகிறது. குழாயை மாற்றப் பணம் ஒதுக்குங்கள் என்று வானம் காய்ந்திருக்கும் மாதங்களில் மட்டும் கேட்டால் போதாது. மழை பெய்யும் மாதங்களிலும் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கூரைத் தண்ணீரும் டிரம்மும்

60 சதுர மீட்டர் கூரையில் 30 மி.மீ. மழை விழுந்தால் 1,800 லிட்டர். மலேசியாவில் ஒருவர் நாளொன்றுக்குச் செலவழிக்கும் நீர் 200 லிட்டருக்கு மேல். ஐந்து பேர் வீட்டில் வழக்கம்போல் செலவழித்தால் இரண்டு நாள்கூட வராது. கழிவறைக்கும் தரை கழுவவும் மட்டும் என்று ஒதுக்கினால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். முதல் பத்து நிமிடத்து நீரைப் பிடிக்காதீர்கள், கூரைத் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் இறங்கும். குடிக்கவும் சமைக்கவும் லோரித் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துவதே நல்லது.

டிரம்மில் நீர் பிடித்து வைக்கும்போது கொசுவையும் நினைக்க வேண்டும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது நீருக்குள் அல்ல. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில். அந்த முட்டை ஈரமில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நீர் ஏறித் தொட்டதும் பொரிந்து, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். காய்ந்த காலம் முழுவதும் ஒவ்வொரு வீட்டிலும் பாதி நிரம்பிய டிரம்கள், அப்புறம் திடீர் மழை. டிங்கிக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. மூடி இல்லாத டிரம்முக்குப் பழைய வேட்டித் துணியையாவது இறுக்கிக் கட்டுங்கள்.

எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்?

மாரி என்றாலே மழை. மாரியம்மன் கோயில் இல்லாத பழைய தோட்டம் அரிது. பல கோயில்களில் திருவிழா சித்திரையை ஒட்டி வருவதால், கூழ் ஊற்றும் நாளில் மழை விழுந்தால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். அந்த மகிழ்ச்சியில் குறையொன்றும் இல்லை. டிரம்மை மட்டும் அன்றைக்கே கவிழ்த்துவிடக் கூடாது. இதற்குப் பார்க்க வேண்டியவை:

1. வீட்டுக்குப் பின்னால் வெட்டிய குழியில் அந்த வெளிறிய கோடு மறைந்ததா? மறைந்தால் மண்ணின் கடன் தீர்ந்துவருகிறது.

2. மழையில்லாத இரண்டு மூன்று நாளிலும் மூடா ஆற்றின் மட்டம் இறங்காமல் நிற்கிறதா? வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வெள்ளத் தகவல் தளத்தில் மழையளவும் ஆற்று மட்டமும் கிடைக்கும். அங்கே பீடோங்கைத் தேடாமல் சீக், பாலிங் பக்கத்து எண்களைப் பாருங்கள்.

3. பெரிஸ் அணை வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா?

மூன்றுக்கும் ஆம் என்று பதில் வர, நல்ல ஆண்டில் சில வாரம் ஆகும். எல் நினோ ஆண்டில் இன்னும் நீளும். அதுவரை டிரம் தாழ்வாரத்திலேயே இருக்கட்டும். எடுத்துவைக்கும் நாளில் நீரை ஊற்றிவிட்டு அப்படியே கவிழ்க்காமல், உள்சுவரைத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ, குறிப்பாக நீர்மட்டம் நின்ற அந்த வளையத்தை, அழுத்தித் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான்.